பிடிபட்ட பந்துகள்

"பார், திரும்பவும் பிடி குடுத்திட்டான்!"

நவரத்தினம் தலையில் கை வைத்தார்.

பிராங்பேர்ட்டில் பேஸ்போல் ஆட்டம். அடுத்த கிழமை இறுதிப் போட்டி. அணியில் ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு அவருடைய மகன் மிதுஷனும் தவராசாவின் மகன் நிசாந்தும் போட்டி.

இந்த சீசன் முழுக்க மிதுஷன் அடித்த பந்தெல்லாம் யாராவது ஒருவர் கையில் போய் விழுந்தது. நிசாந் தட்டிய பந்துகளோ ஆளில்லாத இடமாகப் பார்த்து உருண்டன.

நவரத்தினம் ஊரில் கிரிக்கெட் விளையாடியவர். பிடி கொடுத்தால் அடித்தவன்தான் பிழை. அவருக்குத் தெரிந்த சட்டம் அது.

இன்னொரு பயமும் இருந்தது. யார் எப்படி அடித்தான் என்று கணக்கெடுத்து ட்ரெயினருக்குக் கொடுப்பவள் லக்சிகா. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படிக்கிறாள். நிசாந்தின் அக்கா.

லப்டொப்போடு இருந்தவளிடம் நேரே போனார்.

"என்ன பிள்ளை, தம்பியின்ர பேரைக் குடுத்தாச்சோ?"

"ட்ரெயினர்தான் சொல்லுவார் மாமா."

"எனக்குத் தெரியாதோ! கோயில் நிர்வாகத் தேர்தலில வாக்கு எண்ணினது உன்ர அப்பா. தோத்தது நான். இப்ப மகள் எண்ணுறா. தோக்கப்போறது என்ர மகன்."

லக்சிகா குனிந்தபடி வேலையைப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ட்ரெயினர் பெயரைச் சொன்னார்.

மிதுஷன்!

நவரத்தினம் உடனே மனைவிக்குப் போன் எடுத்தார்.

"சிவமலர், பெடியனை எடுத்தாச்சு! ட்ரெயினர் ஜெர்மன்காரன், நேர்மையான ஆள். உவையின்ர கள்ளக் கணக்கு அவனிட்ட எடுபடேல்லை!"

கார் நிறுத்துமிடத்தில் நிசாந் அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான்தானே அவனைவிடக் கூட ஓட்டம் எடுத்தனான்? அவனை எடுக்கச் சொல்லி ஏன் ட்ரெயினரிட்டச் சொன்னனீ?"

"உனக்குக் கிடைச்சது அதிர்ஷ்டமடா. மெல்லத் தட்டினது ஓட்டைக்குள்ளால போச்சுது. அவன் ஒவ்வொண்டையும் பலமா அடிச்சவன். பந்து போன இடத்தில ஆள் நிண்டதுக்கு அவன் என்ன செய்யிறது? எப்பவும் அப்பிடி நிக்கமாட்டினம்."

நவரத்தினம் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இரு, அப்பாட்டச் சொல்லுறன்!"

"போய்ச் சொல்லு. எனக்கும் மனம் கேக்காமல் அவரிட்டத்தான் கேட்டனான். 'எண்ணுறதுக்கெண்டு இருந்தா, என்ர பிள்ளையெண்டும் பாக்காதை, நவரத்தினத்தின்ர பிள்ளையெண்டும் பாக்காதை' எண்டு சொன்னதே அப்பாதான்."