கரை இல்லாத ஒன்பது நாள்

பகல் பன்னிரண்டு மணிக்கு, இப்போது மணி ஒன்று என்று கப்பலின் ஒலிபெருக்கி அறிவித்தது.

கிழக்கே போகிற கப்பலில் இப்படித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடுப்பகலில் ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

பசிக்காதவர்களும் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து குவிந்தார்கள். லொரெட்டாவுக்கும் அவள் கணவன் டெரெக்குக்கும் முன்பின் தெரியாத ஒருத்தியின் மேசையில்தான் இடம் கிடைத்தது.

அவள் பெயர் கொரின், ஒஹாயோக்காரி. இது தனக்கு நாற்பத்தோராவது கப்பல் பயணம் என்று உட்கார்ந்த மறுநிமிடமே சொல்லிவிட்டு, உங்களுக்கு எத்தனையாவது என்று கேட்டாள்.

முதல் தடவை என்றாள் லொரெட்டா.

கொரின் கரண்டியைக் கீழே வைத்தாள். “முதல் தடவைக்குப் போய் யாராவது இதைப் பிடிப்பாங்களா கண்ணு? குளிர்காலம் முடிஞ்சிடுச்சு, கப்பல் ஐரோப்பாவுக்கு இடம் மாறுது. காலியா போக வேணாம்னு நம்மளையும் ஏத்திக்கிட்டுப் போறான். ஒன்பது நாளும் தண்ணிதான். எல்லாத் துறைமுகத்தையும் பார்த்துச் சலிச்ச என்னை மாதிரி ஆளு ஏறுற கப்பல் இது.”

மலிவாகக் கிடைத்தது என்றாள் லொரெட்டா. நேற்று வேறொரு மேசையில், ஓய்வாக இருக்குமே என்று சொல்லியிருந்தாள்.

“நான் ஓடிப்போயிடுவேன்னு அவளுக்குப் பயம்,” என்றான் டெரெக், பட்டாணியை முள்கரண்டியால் துரத்தியபடி.

கொரின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவன் வயதைக் கேட்டுக்கொண்டு, எழுபத்தெட்டு வயதில் யாரோடு ஓடுவதாக உத்தேசம் என்றாள். இந்த மேசைக்கு வந்த பிறகு அதை யோசிக்க வேண்டியிருக்கிறது என்றான் அவன்.

லொரெட்டா தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அவன் சொன்னது வேடிக்கை இல்லை.

ஃபுளோரிடா வீட்டிலிருந்து அவன் மூன்று முறை இறங்கிப் போயிருக்கிறான். மூன்றாம் முறை, வீட்டுச் செருப்போடு கால்ஃப் மைதானத்துக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ்தான் கூட்டிவந்தது. பத்தடி தள்ளி ஒரு முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்ததாம். அதுக்கு ரொட்டி போட்டேன், தின்னவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டான்.

ஊர் ஊராக நிற்கிற கப்பல் என்றால் ஏதோ ஒரு ஊரில் இறங்கி நடந்துவிடுவான். இதில் இறங்க இடமில்லை. நடுவில் எங்கேயும் நிற்காது, பரவாயில்லையா என்று டிக்கெட் போட்ட பெண் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் லொரெட்டா சரி என்றாள்.

காலையில் பக்கத்து அறைக்காரரிடம், இது எங்கள் தேனிலவு, பதினாலு வருஷம் தாமதம் என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதிலிருந்து அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால், கப்பல் போய்ச் சேருகிற சவுத்தாம்ப்டன் அவன் பிறந்த ஊர். முதல் மனைவிக்குப் பிறந்த மகள் ஜில்லியன் அங்கேதான் இருக்கிறாள். டெரெக் இனி அந்த ஊரில் தங்கிவிடப் போகிறான். லொரெட்டா மட்டும் விமானம் ஏறித் திரும்பப் போகிறாள்.

விமானத்திலேயே கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது நாள் இருந்தால் அவன் கோபப்படவும் நேரம் இருக்கும், ஆறவும் நேரம் இருக்கும் என்று நினைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவனை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனாள். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் வரை கம்பளியை இழுத்துவிட்டாள். நாலா பக்கமும் கடல். தூரத்தில்கூட ஒரு கப்பல் இல்லை.

“டெரெக், நீ இனிமே ஜில்லியனோட இருக்கப் போற. நான் திரும்பிப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

அவள் கம்பளியின் ஓரத்தைச் சரிசெய்தாள். அவனே புரிந்துகொண்டு தலையை மெல்ல ஆட்டினான்.

“என்னால முடியல டெரெக். எனக்கும் எழுபத்தஞ்சு ஆகுது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல வச்சுக்கிட்டு உன்னோட வாழ எனக்குத் தெரியல.”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியின் கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள். திரும்பிப் போய் அந்த வீட்டில் தனியாக எப்படிப் படுத்துத் தூங்குவது என்பதெல்லாம் இப்போது அவன் சொல்லப்போகிற வார்த்தையில்தான் இருந்தது.

“ஜில்லியன் போடுற டீ கழுநீர் மாதிரி இருக்கும்,” என்றான் கடைசியில். “இருந்தாலும் பொண்ணு வீடு. எம் மேல கோவப்படாம இருந்தா சரி. நீ போ, லொரி. பதினாலு வருஷம் என்னைச் சகிச்சியே, போதாதா?”

அவள் அழுதாள். அவன் அவள் புறங்கையைத் தட்டிக்கொடுத்தான். அவள் நெஞ்சில் கிடந்த கல் யாரோ தூக்கி எடுத்தது போல விலகியது. அவன் அப்படியே கண்ணை மூடித் தூங்கிப்போனான்.

விழித்தால் இது எதுவும் அவனுக்கு நினைவிருக்காது.

நேற்றும் அவள் இதையேதான் சொன்னாள். நேற்றும் அவன் இப்படியேதான் போகச் சொன்னான். முந்தாநாள் டீயைச் சாக்கடைத் தண்ணீர் என்றான், அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கும் சொல்வாள். மறுபடி ஒரு முறை அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

கப்பல் ஏறிய அன்று மட்டும் ஒன்றையும் விடாமல் சொல்லியிருந்தாள். அவன் இருக்கப்போவது ஜில்லியன் வீட்டில் இல்லை, ஜில்லியன் பார்த்து வைத்திருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில், அங்கே பூட்டின் ரகசிய எண் தெரிந்தவர்களுக்குத்தான் வாசல் கதவு திறக்கும் என்பதையும் சேர்த்து.

அன்று அவன் அவளைப் போகச் சொல்லவில்லை. அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் மறக்கும் வரை விடவே இல்லை.