அடுத்த பாடம்

"உன் கை என்ன கையா, கடப்பாரையா?"

டேபிள் ஃபேனின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அப்பா கத்தினார். மோட்டார் உறுமியது. இறக்கை மட்டும் அசைய மறுத்தது.

"தூசி துடைச்சேங்க. அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

"போன வாரம் குழாயைத் துடைச்சே, ஒழுகிச்சு. அதுக்கு முன்னாடி கதவைத் துடைச்சே, தாழ்ப்பாள் கையோட வந்துச்சு. குரங்கு கையில பூமாலை! தாயே, இனிமே எதையும் துடைக்காதே. நான் தூசியோடவே வாழ்ந்துட்டுப் போறேன்."

அம்மா கையிலிருந்த தூசித் துணியை மடித்து வைத்தாள்.

மகள் மடியில் இருந்த புத்தகத்தை மூடினாள். சின்னச் சின்ன இயந்திரங்களைச் செய்யவும் பழுது பார்க்கவும் இளவட்டங்களுக்குப் படம் போட்டுச் சொல்லித்தரும் புத்தகம். சித்தி வாங்கித் தந்தது.

"நான் பார்க்கட்டுமாப்பா?"

"நீ பார்க்க வேண்டியது காமர்ஸ் காலேஜ் விண்ணப்பத்தை. மெக்கானிக்கல் டிப்ளமோவாம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது பாப்பா."

"குழாயை இவதாங்க சரி பண்ணினா. தாழ்ப்பாளையும் இவதான்…"

"உடைக்க நீ, ஒட்ட அவ. நல்ல கூட்டணி!"

சொல்லிக்கொண்டே சட்டைக் காலரைப் பின்னால் தள்ளினார். கழுத்தெல்லாம் வியர்வை.

"சரி, பாரு. ஷாக் கீக் வாங்கி வைக்காதே."

மகள் முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். முன் வலையைக் கழற்றினாள். இறக்கையின் நடுவில் இருந்த குட்டி ஸ்க்ரூவை இறுக்கினாள். வலையை மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

அப்பாவின் செய்தித்தாள் பறந்துபோய்க் கட்டிலடியில் விழுந்தது.

குனிந்து அதை எடுத்தவர், நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"குருட்டாம்போக்குல சரியாயிருக்கும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "விண்ணப்பம் போட இன்னும் நாள் இருக்கில்ல? இதே மாதிரி இன்னொண்ணு சரி பண்ணட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மகள் இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த ஸ்க்ரூ தானா கழண்ட மாதிரி இல்லியே…"

"அதை விடு." அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "புத்தகத்துல அடுத்த பாடம் எதைப் பத்தி?"

"ஸ்கூட்டர் பிரேக்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, அது வேண்டாம்டி. மனுஷன் தினமும் அதுலதான் போறார். அதுக்கு அடுத்த பாடம் எது, சொல்லு."