மின்கோட்டைத் தொட்ட பெயர்

சிவப்பு.

மறுபடியும் சிவப்பு.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். எங்கெங்கோ இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து வரைந்த சிப்புகளை ஒரே சிலிக்கான் தட்டில் சேர்த்து அச்சடிக்கும் ஏற்பாடு அது. இந்த முறை தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அடுத்தது ஒன்று உண்டா என்பதே சந்தேகம்.

மீன்பிடி வள்ளத்தின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோவதற்கு முன்பே எச்சரிக்கும் சிப். மூன்று வருட வேலை. காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளில், இரவல் கணினியில் வரைந்தது. நாகர்கோவில் மாடியறையில் சிப் செய்வதாவது என்று சிரிக்காத ஆள் பாக்கி இல்லை.

சரிபார்க்கும் மென்பொருள் சிவப்பில் ஒரே ஒரு பிழையைத்தான் சொன்னது. மின்கோடும் கிரவுண்ட் கோடும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஷார்ட். இப்படியே அச்சானால் சிப் பிறக்கும்போதே செத்துப் பிறக்கும்.

அந்த இடத்தைப் பெரிதாக்கினாள்.

அங்கே ஒன்றுமே இல்லை.

இன்னும் பெரிதாக்கினாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே வெறும் கறுப்பு. போன வாரம் அவள்தான் இரண்டையும் அகலமாக்கியிருந்தாள். அப்படியும் இடைவெளி தாராளமாக இருந்தது. இல்லாத ஒன்றை எப்படித் திருத்துவது? அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இல்லை என்பது அவள் திரையில்தான்.

சிப் வரைகிறவர்கள் ஒரு மூலையில் தங்கள் பெயரை உலோகத்தில் எழுதிவைப்பார்கள். மைக்ராஸ்கோப் இல்லாமல் யார் கண்ணுக்கும் படாது. ஆனாலும் எழுதுவார்கள். இந்தச் சிப்பை வரைந்த இருவரும் எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் திரையில் தெரியாதபடி அவள் மறைத்து ஐந்து மாதம் ஆகிறது.

மறைப்பை நீக்கினாள்.

ஜெபின்.

கூட இருந்து பாதி சிப்பை வரைந்தவன். வேலை கிடைத்துப் பெங்களூருக்குக் கிளம்பியபோது, பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவன் என்று அவன் முகத்துக்கு நேராக அவள் சொன்னாள். அதன்பிறகு பேச்சே இல்லை.

அவன் பெயரில் பி-யின் கொக்கி மேலே, போன வாரம் அகலமான மின்கோட்டைத் தொட்டது. ஜெ-வின் வளைவு கீழே கிரவுண்டைத் தொட்டது. சற்றுத் தள்ளி, எதிலும் படாமல், ஷைனி என்று அவள் பெயர் சொகுசாக இருந்தது.

அழித்தால் தீர்ந்தது. ஒரே ஒரு விசை.

விரல் விசையின்மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. கோபத்தில் மறைத்தது வேறு. இது வேறு.

திரை தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

யாரோ வரைபடத்தை மாற்றியிருந்தார்கள். யாரும் பார்க்கும்படி, பிழைச் சிவப்பு உட்பட, இணையத்தில் திறந்துகிடந்த வேலைதான். ஆனால் அதில் கைவைக்கும் உரிமை இரண்டே பேருக்குத்தான். அதை அவனிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வந்ததில்லை.

மாற்றத்தின் அடியில் ஒரு குறிப்பு.

'எனக்க பேர எடுத்துட்டேன். நீ அனுப்பு.'

சரிபார்ப்பு ஓடியது. அரை மணி நேரம் அவள் அசையவில்லை.

பச்சை.

மூன்று வருடத்தில் முதல்முறையாக, முழுப் பச்சை. அனுப்பும் பொத்தான் கண் திறந்தது. மூலையில் அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது. இத்தனை நாளும் அவன் தினமும் இந்தப் பக்கத்துக்கு வந்து போயிருக்கிறான்.

இன்னொரு சரிபார்ப்புக்கு நேரம் இருந்தது. சரியாக ஒரே ஒரு முறைக்கு. அதிலும் சிவப்பு வந்தால் எல்லாம் போச்சு.

அவள் பொத்தானை அழுத்தவில்லை.

தன் பெயரை அழித்தாள். மூலையில் எதிலும் படாத இடம் அது ஒன்றுதான்; அங்கே அவன் பெயரை எழுதினாள்.

சரிபார்ப்பு முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஜெபின் மூச்சு விடுவது கேட்டது.

சரிபார்ப்பு பாதி ஓடியிருந்தது.