ஒலெபிலே போட்ட கிரீஸ்

மவுன் நகர விமான நிலையத்தின் தகரக் கொட்டகைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. சின்ன விமானம் ஒரு சக்கரம் கழற்றப்பட்டு ஜாக்கியில் நிற்கிறது. வாசலில், பிக்கப் வண்டியில், மெக்கானிக் ஒலெபிலேயின் சவப்பெட்டி காத்திருக்கிறது. நாளை, சனிக்கிழமை விடியலில், ஆற்றுத்தீவிலிருக்கும் அவன் ஊரில் அடக்கம்; இந்த விமானம்தான் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். பெண்கள் தாழ்ந்த குரலில் பாடுகிறார்கள். கூட வேலை பார்த்த போனோலோ சக்கரத்தின் பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். ஒன்றோடொன்று சேரக் கூடாத சிவப்புக் கிரீஸும் பச்சைக் கிரீஸும் கலந்து, இளகி, எண்ணெயாய் வழிகின்றன. காய்ச்சலோடு வேலைக்கு வந்த கடைசி வாரத்தில் ஒலெபிலே போட்டது. "இருட்டினா அந்தத் தீவுல இறங்க முடியாது. மேல கொஞ்சம் பூசி மாட்டிவிடு," என்கிறான் விமானி. "பூசினா அதுவும் சேர்ந்து ஓடிடும். முழுசாக் கழுவணும்." ஒலெபிலேயின் மனைவி சேதுன்யா பாட்டை விட்டு உள்ளே வருகிறாள். "அவரு பாத்த சக்கரம்தானே? ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாரா?" போனோலோ பேரிங்கைத் துணிக்குள் மூடிக்கொள்கிறாள். "இல்ல அண்ணி, அண்ணன் வேலை சுத்தம். தூரப் பயணம்ல, புதுசாப் போடறேன்." குனிந்து, இரண்டு நிறமும் போகும்வரை, பிணத்தைக் குளிப்பாட்டுவது போலப் பெட்ரோலில் கழுவுகிறாள். சேதுன்யா எட்டிப் பார்க்கிறாள். விமானி நகர்ந்து, பேரிங் அவள் கண்ணில் படாதபடி இருவருக்கும் நடுவில் நிற்கிறான்.