விதைக்கு விட்ட சுரைக்காய்

நகத்தை அழுத்திப் பார்த்தாள். இறங்கவில்லை.

நல்லது.

சமையலுக்கென்றால் நகம் இறங்க வேண்டும். விதைக்கென்றால் இறங்கக் கூடாது. இன்னும் பதினைந்து நாள் கொடியிலேயே கிடந்தால் சுரைக்காய் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்.

கொடி அடியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. இனிப் பூக்காது. அடுத்த வருஷத்துக்கு இந்த ஒரு காய்தான்.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய பெயின்ட் வாளியில், அரிசி கழுவிய தண்ணீர் குடித்து வளர்ந்தது. மூன்று மாதமாக அடுப்படியை அதுதான் பார்த்துக்கொண்டது. காயில் கூட்டு, தோலில் துவையல், கொழுந்தில் பொரியல்.

தொட்டிக்கு முன்னால் இருந்தது அவள் கணவரின் தோட்டம்.

நாற்பது பைகள். பைக்கு ஒரு பெயர்ப்பலகை. பலகைகள் நன்றாக இருந்தன. செடிகளை மாவுப்பூச்சி தின்றுவிட்டது.

கணவர் ஞானசம்பந்தம், ஓய்வுபெற்ற பொறியாளர். இப்போது தற்சார்பு வாழ்வியல் வட்டத்தின் செயலாளர். நாட்டு விதையைக் காப்பாற்றாத வீடு வீடே அல்ல என்று கூட்டம்தோறும் பேசுவார். பேச்சு முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வட்டத்திலிருந்து நான்கு பேர் தோட்டம் பார்க்க வந்தார்கள். மதியச் சாப்பாடும் இங்கேதான்.

பருத்தித் தொப்பி போட்டிருந்தார்கள். வரிசையாக நடந்து பலகைகளை வாசித்தார்கள்.

"என்ன செயலாளரே, பலகையெல்லாம் நல்லாக் காய்ச்சிருக்கு!" என்றார் வட்டத் தலைவர் ரங்கமன்னார்.

சிரித்தார்கள். ஞானசம்பந்தமும் சிரித்தார், கடைசியாக.

பிறகு அவர் பார்வை தொட்டிப் பக்கம் போனது.

"பின்னால வாங்க தலைவரே. அசலை அங்க வச்சிருக்கேன்."

கத்தரிக்கோல் கேட்டார்.

"ஏங்க, அது விதைக்கு விட்டது" என்றாள் அவள்.

"விதைக்கு என்னடி பஞ்சம்? கடையில பாக்கெட் பாக்கெட்டாத் தொங்குது." இது அவளுக்கு மட்டும், பல்லிடுக்கில். மற்றவர்களுக்கு உரக்க: "இன்னைக்கு நம்ம வீட்டு நாட்டுச் சுரைக்காய்தான் சாப்பாடு!"

திறப்புவிழா நாடா போலக் காம்பை வெட்டினார். கைதட்டினார்கள்.

காயைப் பிறந்த குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். ஏழெட்டுப் படம்.

அரிவாள்மனை உள்ளே ஏறவில்லை. தேங்காய் உடைக்கும் அரிவாளால் பிளந்தாள்.

விதைகள் வெள்ளையாக இருந்தன. ஒன்றை எடுத்து நசுக்கினாள்.

தண்ணீர்தான் வந்தது. உள்ளே பருப்பு பிடிக்கவில்லை.

பதினைந்து நாள்.

குக்கரில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக ஒரு விசில். இன்று ஒன்பது விட்டாள். பத்தாவதும் விட்டாள். தேங்காயை அள்ளிப் போட்டாள். மிளகையும் கூட.

இலை போட்டுப் பரிமாறினாள்.

ரங்கமன்னார் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். மற்றவர்கள் ரசம் கேட்கும்வரை மென்றார்.

"இதுதான்யா நாட்டுக்காய்" என்றார் கடைசியில். "மெல்ல மெல்லத்தான் குணம் தெரியுது."

"நார்ச்சத்து சார், அத்தனையும் நார்ச்சத்து. கடைக்காயில வருமா?" என்றார் பக்கத்து இலைக்காரர், முருங்கைச் சக்கை போல ஒன்றை இலை ஓரத்தில் ஒதுக்கியபடி.

ஞானசம்பந்தம் எதையும் ஒதுக்கவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினார்.

கைகழுவியதும் தலைவர் அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, இந்த விதை வெளிய பரவணும். ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்க."

குப்பைக்கு ஒதுக்கியிருந்த தட்டை அவள் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"குடு, குடு. தாராளமா" என்றார் அவர்.

விதைகளை அலசித் துடைத்தாள். செய்தித்தாளைக் கிழித்து நான்கு பொட்டலம் மடித்தாள்.

"உங்களுக்கு வச்சுக்கிட்டீங்களாம்மா?"

"எனக்கு வேண்டாங்க. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க."

ரங்கமன்னாருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு விதையைக் கடைசி மணிவரை தானம் செய்கிற மனசு யாருக்கு வரும் என்றார். அவளை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். ஞானசம்பந்தமும் தோளை ஒட்டி வந்து நின்றுகொண்டார்.

செருப்பு மாட்டும்போது ஒருவர் பொட்டலத்தைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தியபடி கேட்டார். "எந்த மாசம் போடணும்மா இதை?"

"எப்ப வேணா போடுங்க" என்றாள்.