இரண்டு அங்குலத் தண்ணீர்

"அந்த வரிய உடனே மாத்துங்க ஷோபனா! அந்தம்மா உள்ள வர்றதுக்குள்ள!"

மேனேஜர் சூர்யபிரகாஷ் பதறினார். தஞ்சாவூரில் நடவு மெஷின் விற்கும் கம்பெனி அது. மெஷினோடு தரும் கையேட்டை எழுதுபவள் ஷோபனா. அதே எழுத்துதான் செல்போன் உதவிப் பக்கத்திலும் வரும்.

'ஒரு தடவை எழுதினா போதும், எல்லாத்துக்கும் அதையே போடுங்க' என்பது மேனேஜரின் உத்தரவு. பழைய பெரிய மெஷினுக்கு எழுதியதையே புதுச் சின்ன மெஷினுக்கும் போட வைத்துவிட்டார்.

அரை அங்குலத் தண்ணீரில் ஓட்ட வேண்டிய மெஷினுக்கு இரண்டு அங்குலம் என்று அச்சாகிவிட்டது. திருவையாறு மங்களாம்பிகை அதை நம்பினார். ரெண்டு ஏக்கர் குறுவை நாற்றும் மிதந்துவிட்டது.

"புக்கு அச்சாயிடுச்சே சார்?"

"புக்கு கெடக்கட்டும். போன்ல மாத்துங்க. 'இதுல சரியாத்தானே இருக்கு, நீங்க ஏன் பாக்கல'ன்னு கேட்டுடுவேன். மறுநடவு நம்ம தலையில விழாது."

"பாவம் சார் அவங்க."

"உங்க வேலை போனா அவங்களா வேலை குடுப்பாங்க?"

ஷோபனா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பிழைப்பு என்று வந்துவிட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? மடமடவென்று தட்டினாள்.

"மாத்திட்டேன் சார்."

மங்களாம்பிகை சேறு படிந்த கையேட்டோடு வந்து நின்றார்.

"இதுல போட்டபடிதான் தம்பி தண்ணி கட்டுனேன். கையில வேற நாத்து இல்ல. என் குறுவைக்கு ஒரு வழி சொல்லுங்க."

மெஷின் பார்க்க வந்திருந்த விவசாயிகள் சுற்றிக் கூடினார்கள். கூட்டத்தைக் கண்டதும் சூர்யபிரகாஷுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"புக்கெல்லாம் பழசும்மா. போன்ல என்ன இருக்கோ, அதுதான் கம்பெனி வாக்கு. அதுலேர்ந்து நாங்க மாறவே மாட்டோம்!"

"நெசமாவா தம்பி?"

"சத்தியமா! ஷோபனா, அம்மாவுக்குக் காட்டுங்க."

ஷோபனா நீட்டிய போனை மங்களாம்பிகை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி கொண்டாரல. நீங்களே படிங்க தம்பி, எல்லாரும் கேக்கட்டும்."

இதைவிட வேறென்ன வேண்டும் மேனேஜருக்கு? போனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்.

"வயலில் அரை அங்குலத் தண்ணீரே இருக்க வேண்டும். கையேட்டில் இரண்டு அங்குலம் என்று அச்சானது எங்கள்... எங்கள் தவறு."

குரல் சட்டென்று இறங்கிவிட்டது. ஷோபனாவை முறைத்தார். அவள் மும்முரமாக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமா படிங்க சார், காதுல விழல" என்றார் கூட்டத்திலிருந்த துரைராசு.

அத்தனை பேரும் மேனேஜரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் குரலை உயர்த்திப் படித்தார்.

"நாற்று மிதந்திருந்தால், புது நாற்றும் தந்து மறுநடவும் நாங்களே செய்து தருவோம். இப்படிக்கு, மேனேஜர் சூர்யபிரகாஷ்."