கவிழ்ந்த கற்கள்

அத்தான் பாதையை விட்டு இறங்கி நடந்தார்.

அவள் நின்றாள்.

பாதை காய்ந்துதான் கிடந்தது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமப் படைகள் பதித்த கல். வட இங்கிலாந்தின் மேட்டு நிலத்தில் நேராகப் போய் மூடுபனிக்குள் மறைந்தது. இருபுறமும் கணுக்கால் புதையும் சதுப்பு. அதில் இறங்கி, பத்தடி சுற்றிப்போய், மறுபடி கல்லில் ஏறினார்.

கீழே குனிந்து பார்க்கவுமில்லை.

அக்காவைக் காணாமல் மூன்று வாரம். மனைவி சொல்லாமல் போய்விட்டாள் என்று அத்தான் பொலிசில் எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிறுகளில் அக்கா தனியாக நடக்கும் பாதை இது. நேற்றுத்தான் கிளிநொச்சியிலிருந்து வந்த தங்கை, அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று நின்றாள். மழை வரும், தூரம் என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவர் காரை எடுத்தார்.

முகமாலையில் ஆறு வருடம் கண்ணிவெடி அகற்றியவள் அவள். எங்கே புதைத்தது என்று கேட்டால் யாருமே தெரியாது என்பார்கள். அவர்களின் கால் மட்டும் அந்த இடத்தைச் சுற்றிப் போகும்.

குந்தினாள்.

மற்றக் கற்களின் முகத்தில் வெள்ளைப் பாசி. இங்கே மட்டும் கற்கள் கறுப்பு. ஈரமண் ஒட்டியிருந்தது. பாசி அடியில், இடுக்குகளில் தெரிந்தது.

கிளப்பிய கை அவசரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறது.

கறுத்த கற்கள் ஓர் ஆள் நீளத்துக்கு இல்லை. அக்கா கட்டை, உயரம் குறைவு.

கல்லைத் தொட நீண்ட கையை மடக்கிக்கொண்டாள். போனில் சிக்னல் இல்லை. கார் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை மணி நேர நடை.

"என்ன பிள்ளை, இருந்திட்டீர்?"

"ஒண்டுமில்லை அத்தான். சப்பாத்து நாடா அவிண்டிட்டுது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காலில் இருப்பது அக்காவின் றப்பர் பூட்ஸ். காலையில் அவரே எடுத்துத் தந்தது. நாடா இல்லாதது.

அவர் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பனி இறங்குது," என்றார். "நீர் முன்னால நடவும்."

ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் ஓரமாகக் கடந்து நடந்தாள். பின்னால் அவருடைய நடை சீராகக் கேட்டது.

பிறகு நின்றது.

ஒரு கல் பெயரும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. றப்பர் பூட்ஸ் தொளதொளத்தது, ஓட்டத்துக்கு ஆகாது. நடந்தபடியே ஒன்றைக் கழற்றினாள். பிறகு மற்றதை.

வெறுங்காலில் ஓட அவளுக்குத் தெரியும்.